யாருக்கும் வைக்காத பெயர்

இன்று காலை பீரோவின் அடித்தட்டிலிருந்து பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்தேன். ஐந்து வருடமாக உங்கள் சட்டைகளுக்குக் கீழே கிடந்த தாள். பிரித்ததும் உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வாடை லேசாக வந்தது. அந்தச் சட்டைகளை எத்தனையோ தடவை துவைத்து மடித்துவிட்டேன், வாடை போகவில்லை. முன்பெல்லாம் நீங்கள் தோல் ஏற்றிய வண்டியை வாசலில் நிறுத்தும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வேன். இன்று பொத்தவில்லை. முகர்ந்து பார்க்கவும் இல்லை. தாளைப் பையில் வைத்துக்கொண்டு, "மாமி, கெளம்பலாமா?" என்று உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அந்தச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறது, என் பெயர் இருக்கிறது, பிறந்த தேதியும் நேரமும் இருக்கின்றன. குழந்தையின் பெயர் என்ற இடம் மட்டும் காலி. பெயர் வைக்கும் முன்பே ஆஸ்பத்திரியில் பதிவு செய்துவிட்டார்கள். "அப்பறமா ஆபீஸ்ல போயி சேத்துக்கங்கம்மா" என்று அன்று சொன்னார்கள். நான் போகவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் பெயர் போட்ட சான்றிதழ் கேட்கிறார்கள்.

நீங்கள் கேட்ட பெயரை நான் அவனுக்கு வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நான்கு மாதம் அப்போது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவர், தொப்பியைக் கூடக் கழற்றாமல் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள்.

"பேரு கெடச்சிருச்சு புள்ள."

"என்ன பேரு?"

"ஹன்ழலா."

எனக்கு அஞ்சலா என்று காதில் விழுந்தது. "நம்ம தெருவுல பூ கொண்டு வர்ற அக்கா பேருல்ல அது?" என்றேன். சோறு புரையேறும்வரை சிரித்தீர்கள். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் காட்டினீர்கள். நான் ஹன்ளலா என்றேன். "பழத்தையே பளம்னு சொல்ற ஊரு. ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல" என்றீர்கள்.

அர்த்தம் கேட்டேன். அன்று நீங்கள் சொல்லவில்லை. நாலைந்து நாள் கழித்துத் தொப்பம்பட்டிப் பக்கம் கறிக்கடைகளில் தோல் எடுக்கப் போனவர், திரும்பி வரும்போது ஒரு காய் கொண்டு வந்தீர்கள். உள்ளங்கையில் அடங்குகிற உருண்டை. பச்சையில் வெள்ளை வரி ஓடியது. பொம்மைத் தர்ப்பூசணி மாதிரி இருந்தது. "இதான் ஹன்ழலா. அரபில இதுக்குப் பேரு அதுதான்" என்றீர்கள். தரிசில் படர்ந்து கிடந்த கொடியைப் பார்த்து, அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தீர்களாம். அவர் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினீர்கள்: "ஏனுங்க, இதையா கேக்கறீங்க? கொமட்டிக்காயிங்க. தின்னுப்போடாதீங்க, மூணு நாளைக்கு நாக்கு கசக்குமுங்க."

நான் நகத்தால் கீறி நாக்கில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கசப்பை இப்போது நினைத்தாலும் எச்சில் ஊறுகிறது.

"பெத்த புள்ளைக்குக் கசப்புக் காயா பேரு?" என்று காயைத் தூக்கி வாசலில் எறிந்தேன்.

நீங்கள் கோபப்படவில்லை. அந்தக் காலத்து அரபிகள் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வைப்பார்கள் என்றீர்கள். பாறை, முள், ஓநாய் என்று பெயர் இருக்குமாம். பகைவன் கேட்டாலே ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும் என்பதற்காகவாம். "மழையே இல்லாத தரிசுல, அம்புட்டு வெயில்லயும் அது ஒன்னுதான் பச்சையாக் கெடந்துச்சு. ஆடுகூட வாய வைக்கல. நம்ம புள்ளையும் அப்படிக் கெடக்கட்டுமே" என்றீர்கள்.

அந்தப் பெயர்க்காரரின் கதையையும் சொன்னீர்கள். நபிகளின் தோழர். கல்யாணம் ஆன மறுநாள் காலையிலேயே போர் அழைப்புக் கேட்டு, குளிக்கக்கூட நிற்காமல் ஓடினார். போர்க்களத்தில் இறந்த அவரை வானவர்கள் குளிப்பாட்டினார்கள். நீங்கள் கண் கலங்கிச் சொன்னீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா? அவளப் பத்தி யாராச்சும் சொன்னாங்களா?"

நீங்கள் அதை யோசித்திருக்கவில்லை. அடுத்த வாரம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். அவள் பெயர் ஜமீலா. பிறகு அவளுக்கு ஒரு மகன் பிறந்தான், அவன் அத்தாவைப் பார்த்ததில்லை. எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. நீங்கள் விடவில்லை. "நம்ம பேகம்பூர்ல நின்னு இப்ராஹீம்னு கூப்ட்டா பத்துப் பேரு திரும்புவான். ஹன்ழலான்னு கூப்ட்டா நம்ம புள்ள ஒருத்தன்தான் திரும்புவான்."

"மொதல்ல பொறக்கட்டும். பாப்போம்" என்றேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஏழாம் மாதத்தில் ஒரு மத்தியானம், ஒட்டன்சத்திரம் ரோட்டில், மழையில் உங்கள் வண்டி வழுக்கியது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னபோது நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முறத்தில் மிச்சமிருந்ததையும் உரித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உங்களைக் கொண்டுவந்தார்கள், குளிப்பாட்டினார்கள், தூக்கிப் போனார்கள். வந்த பெண்களில் ஒருத்தி, "கல்லு மாதிரி உக்காந்திருக்கா, அழச் சொல்லுங்க" என்றாள். என் தோளை உலுக்கினார்கள். அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை.

பிள்ளை பிறந்ததும், புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா இன்றோடு முடிந்தது என்றார்கள். எது முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் வைக்க ஹஜ்ரத் வந்தார். மாமி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "என் மகன் பேரையே வச்சிருங்க ஹஜ்ரத்" என்றார். வீடே அழுதது. ஹஜ்ரத் என் பக்கம் திரும்பி, "ஒனக்குச் சம்மதமாம்மா? வேற எதுவும் நெனச்சு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமிமேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கசப்புக்குப் பயந்தும் இல்லை. வாயைத் திறப்பது ரொம்பத் தூரம் நடப்பதுபோல இருந்தது, அவ்வளவுதான். "சரி" என்றேன். பிள்ளையின் காதில் உங்கள் பெயரைச் சொன்னார்கள்.

உங்களோடு வாழ்ந்த ஆறு வருடத்தில் ஒருமுறைகூட நான் உங்கள் பெயரைச் சொன்னதில்லை. ஏங்க என்பதோடு முடித்துக்கொள்வேன். பிள்ளையையும் தங்கம், ராசா என்றே கூப்பிட்டு வந்தேன். அவனுக்கு இரண்டு வயதிருக்கும்போது ஒரு நாள் கை நழுவி ரோட்டுக்கு ஓடினான். எதிரே ஆட்டோ. உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தெருவே நின்றது. அவனும் நின்று திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் எனக்குள் ஏதாவது நடந்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. போய்த் தூக்கி, முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன். அதன்பிறகு பழகிவிட்டது. குளிக்க வாடா, செருப்பைப் போடுடா, வெஞ்சனத்தைத் தொட்டுச் சாப்பிடுடா என்று நாள் முழுக்க உங்கள் பெயரைச் சொல்கிறேன்.

இன்று ஆபீஸில் படிவம் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோது குழந்தையின் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"மாமி, ஒன்னு சொல்லணும். அவங்க புள்ளைக்கு வேற பேரு வைக்கணும்னு சொல்லியிருந்தாங்க. நான் அன்னைக்குச் சொல்லல."

மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "ஹன்ழலாதானே?" என்றார்.

ழ அவ்வளவு சுத்தமாக வந்தது. அவரும் பளம் என்று சொல்கிறவர்தான். தனியாக எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாரோ.

"என்கிட்டயும் சொன்னான். அன்னைக்கு நீ வாயத் தொறந்திருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். நீ தொறக்கல. எனக்கு அது தோதாப் போச்சு." அவர் குரல் அதிரவில்லை. "என் மகன் பேர நம்ம வீட்டுல யாராச்சும் கூப்பிடணும்னு இருந்துச்சும்மா. நான் கூப்ட்டா யாரு திரும்புவா, சொல்லு? தப்புதான். இப்ப அவன் கேட்டதையே எழுது."

பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். "ஒனக்கு அத்தா ஒரு பேரு வச்சிருந்தாங்க. ஹன்ழலான்னு. அத வச்சுக்கறியா?"

"அது யாரு?" என்றான்.

"நீதான்."

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "எனக்குத்தான் பேரு இருக்கே" என்று சொல்லி, பால்வாடியில் டீச்சரிடம் சொல்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, இனிஷியலோடு உரக்கச் சொன்னான். பிறகு ஜன்னலுக்கு ஓடிவிட்டான். மாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவன் சொன்னதை எழுதினேன். கீழே தந்தையின் பெயர் என்ற இடத்தில் மறுபடி அதையே எழுதினேன்.

கவுண்டரில் இருந்தவர் படிவத்தைத் திருப்பி என்னிடமே நீட்டினார். "மேலயும் கீழயும் ஒரே பேர எழுதியிருக்கீங்கம்மா. மேல புள்ள பேரு வரணும்."

"புள்ள பேருதான் சார். ரெண்டு பேருக்கும் அதுதான்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னையும் மாமியையும் பார்த்தார். பிறகு முத்திரை வைத்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது மாமி கேட்டார்: "அந்தப் பேருல இன்னொரு ஆளும் உண்டுன்னு சொல்லுவானே, அது என்ன கதை?"

அதை நீங்கள் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னீர்கள். நபிகளுக்கு எழுத்தராக இருந்த இன்னொரு ஹன்ழலா. ஒருநாள், நான் நயவஞ்சகனாகிவிட்டேன் என்று அழுதுகொண்டே தெருவில் போனாராம். நபிகளின் பக்கத்தில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன்னே தெரிகிறது, வீட்டுக்குப் போய் மனைவி மக்கள் பிழைப்பு என்று ஆனதும் எல்லாம் மறந்துபோகிறது என்று முறையிட்டார். கடிந்துகொள்வார்கள் என்று பயந்தவரிடம் நபிகள் சொன்ன பதிலை, நீங்கள் நம் பேச்சில் இப்படிச் சொன்னீர்கள்: "செத்த நேரம் அது, செத்த நேரம் இது. மனுசன் அம்புட்டுதான்."

அதை மாமியிடம் சொன்னேன். மாமி அழுதார். நான் அழவில்லை. ஐந்து வருடமாக எனக்கும் அந்த எழுத்தரின் பயம்தான். உங்களுக்காக அழாதவள், துக்கம் இருப்பதுபோல நடிக்கிறேனோ என்று. இதுவும் ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ள இன்றைக்கு முடிந்தது. அது எப்போது மாறும் என்று நான் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்து பேகம்பூரில் அந்தப் பெயர் இன்னும் யாருக்கும் இல்லை. என்னிடம் இருக்கிறது. பிள்ளைக்குப் பெயர் தேடி யாராவது என்னிடம் வந்தால் கொடுத்துவிடுவேன். கொடுக்கும்போது, கசக்கும் என்பதையும் சொல்லித்தான் கொடுப்பேன்.