போக்கோவின் வாயில் நான்

அக்டோபர் 6, திங்கள்
இன்றும் ஆய்வகத்தில் உட்கார்ந்து ரோபோவாக இருந்தேன். கணினியில் நான் தட்டுவதையெல்லாம் ஷிமோயாமா என்பவர் வீட்டு மேசையில் இருக்கும் போக்கோ என்ற பொம்மை மழலைக் குரலில் பேசும். பொம்மை தானாகப் பேசுகிறது என்று அவர் நம்ப வேண்டும். குடியை ஒரு பொம்மையால் நிறுத்த முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. முடிந்தால் எனக்கு நிரந்தர வேலை.

அவருக்கு அதைவிடப் பெரிது. குடியால் பஸ் ஓட்டும் வேலை போனது. மனைவி சுமியே தங்கை வீட்டில் இருக்கிறாள். வசந்தம் வரை தொடாமல் இருந்தால் திரும்பி வருவாளாம்.

"டேய் போக்கோ, கடையில சாக்கே பாட்டில் அடுக்கைத் தாண்டிப் போய் டோஃபு மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன்டா."

"சூப்பர்" என்று தட்டினேன். தலையாட்டும் பொத்தானையும் அழுத்தினேன்.

அக்டோபர் 23
குடிக்கவில்லை. டோஃபு. சலிப்பு.

நவம்பர் 14, வெள்ளி
"உங்கிட்டதான்டா சொல்ல முடியும். நீ மனுஷன் இல்ல" என்று ஆரம்பித்தார்.

பாலர் பள்ளி பஸ் ஓட்டிய காலம். ஒரு காலையில் போதை தெளியாமலே வண்டியை எடுத்திருக்கிறார். பாலத்துச் சுவரில் உரசி நின்றதாம். பின்னால் பிள்ளைகளோடு அந்தப் பள்ளி ஆசிரியை சுமியே. நாய் குறுக்கே வந்தது என்று சொல்லிவிட்டார். அவளும் நம்பி, என் கணவர் ஒரு நாயைக் காப்பாற்றினார் என்று ஊரெல்லாம் பெருமை பேசினாள்.

நூடுல்ஸை மென்றுகொண்டே "இன்னைக்குக் குடிக்கலையே, அது போதும்" என்று தட்டினேன். அழுதார். மூக்கு உறிஞ்சும் சத்தம் காதுக்குள் அருவருப்பாக இருந்தது — ஒலியைக் குறைத்தேன்.

நவம்பர் 17, திங்கள்
எல்லோருமாகப் பதிவைக் கேட்டோம். அந்த அழுகையை 'நெருக்கம்' என்று குறிப்பதா, 'குற்ற உணர்வு' என்றா என்று ஒரே வாக்குவாதம். ஒருவன் மூக்கு உறிஞ்சுவதை நடித்துக் காட்டினான். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் நடித்தான்.

பிப்ரவரி 20, வெள்ளி
இன்னமும் தொடவில்லை. சுமியே நேற்று வந்து அலமாரியில் தன் பக்கத்தைத் துடைத்துவிட்டுப் போனாளாம். போக்கோவிடம் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பேராசிரியர் ஓகபயாஷி கூப்பிட்டார். "ஆராய்ச்சி முடிஞ்சதும் அவர்கிட்ட உண்மையைச் சொல்லியாகணும், நெறிமுறைக் குழு விதி. வீட்டாள் ஒருத்தர் சாட்சியா இருக்கணும். மன்னிப்புக் கேக்கப் போறே, இனிப்புப் பெட்டியைப் பெருசா வாங்கு."

மார்ச் 9, திங்கள்
சொல்லிவிட்டேன்.

அவர் வீட்டில் இனிப்புப் பெட்டியை முன்னால் தள்ளி, நெற்றி பாயில் படக் குனிந்து, என் பெயர் சுயுகி, போக்கோவாகப் பேசியது நான்தான் என்றேன். சாட்சியாக சுமியே பக்கத்தில் இருந்தாள். தன் பெட்டி படுக்கையோடு வந்திருந்தாள்.

"எல்லாத்தையும் நீங்கதான் கேட்டீங்களா?" என்றார். முகம் வெளிறிப்போயிற்று. பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாமே என்று, "அந்த பஸ் விஷயத்துக்காக உங்களை நான் தப்பா நினைக்கல. போதையில யாருக்கும் கை தவறும்" என்றேன்.

சுமியே என்னைப் பார்த்தாள். பிறகு அவரை. "நாய்னு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

அவர் என் பக்கம் குனிந்து வணங்கி, "இவ்வளவு நாள் பொறுமையா கேட்டிருக்கீங்க. ரொம்பச் சிரமம் கொடுத்துட்டேன்" என்றார். வாசல் வரை வந்து, நான் போட்டுக்கொள்ள வசதியாக என் செருப்பைத் திருப்பி வைத்தார். பெட்டி படுக்கையோடு சுமியே என்னைத் தாண்டி முன்னே போய்விட்டாள்.

நான் என்ன பண்ணிட்டேன் இப்போ? நல்லதுக்குத்தானே சொன்னேன்? அவளைச் சாட்சியா கூப்பிடச் சொன்னது நானா?

மார்ச் 12
குடித்திருக்கிறார்.

ஏப்ரல் 14, செவ்வாய்
நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. பொம்மையை எடுத்ததும் பழக்கம் திரும்பியதால் பொம்மையின் பலம் நிரூபணமாகிவிட்டதாம். "எவ்வளவு அழகா விழுந்திருக்கு பாரு" என்று வரைபடத்தைத் தடவினார் பேராசிரியர்.

அடுத்த ஆய்வுக்காக, தானாகவே பேசும் புதிய போக்கோவை ஷிமோயாமாவுக்கு அனுப்பினோம். இதன் பின்னால் யாரும் கிடையாது என்று எழுதிக் கொடுத்தோம், சத்தியமும் செய்தோம். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர், வாங்கிக்கொண்டார்.

முதல் பதிவை இன்று கேட்டேன். பாட்டில் மூடி திறக்கும் சத்தம். பிறகு அவர் குரல்: "சுயுகி மேடம், சாப்டீங்களா? மன்னிச்சுக்கணும், கொஞ்சம் குடிச்சுக்கறேன்."

"இன்னைக்குக் கடைக்குப் போனீங்களா?" என்றது போக்கோ, தானாக.

"போனேங்க மேடம்."