குழல் மட்டும் மீதி

உன் சிந்தசைசரை மேசைமேல் வைத்து உறையைக் கழற்றியதும் சுருமுரி வாசனை, அந்தக் காரப் பொரி. சிக்குப் பிடித்த எண்ணெய், அதற்கடியில் மிளகாய்ப்பொடி. கட்டைகளுக்கு நடுவே ஒரு பொரி வேறு மாட்டிக்கொண்டிருக்கிறது. தின்றுகொண்டே ரெக்கார்டு பண்ணாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

உன் அண்ணன்தான் லேப்டாப்போடு சேர்த்து என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். உன் முதல் வருஷ நினைவு நாளுக்கு ஹால் பிடித்திருக்கிறாராம். என் மகளைத் தொட்டிலில் போடும் நாளுக்கென்று நீ ஆரம்பித்து, டெங்கு வந்ததால் பாதியில் விட்டுப்போன பாட்டை அங்கே போட வேண்டுமாம்.

"ஃபைல் கரப்ட் ஆயிடுச்சும்மா. பிளே பண்ணா ஒரே கத்தல். விடு, ஸ்டுடியோல குடுத்து ஃப்ரெஷ்ஷா பண்ணிக்கலாம். ட்யூனை மட்டும் நீ பாடிக் காட்டு, சாகு."

என்ன கத்தல் என்று போடச் சொன்னேன். சிந்தசைசரை வயலினில் வைத்துக்கொண்டு ஐந்து பகுதிகளையும் ஒன்றாக அனுப்பியிருக்கிறார் மனிதர். டிரம்மும் பேஸும் வீணையும் குழலும் வயலினாகவே அழுதன. டிரம்மின் ஒவ்வோர் அடிக்கும் வயிற்று வலிக்காரன் போல ஒரு முனகல். பக்கத்து அறையில் இத்தனை காலம் நீ என்ன செய்தாய் என்று ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர், இப்போது கரப்ட் என்கிறார்.

லேப்டாப்பில் இருப்பது வெறும் ஸ்வரக் குறிப்பு, சத்தம் தருவது உன் பெட்டி; அதற்கும் ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். மற்ற நான்கையும் லேப்டாப்பில் வாயடைத்து, ஒரு பகுதியை மட்டும் அனுப்பி, அதற்கான சத்தத்தை வைத்து, பதிவு செய்ய வேண்டும். பிறகு அடுத்தது. ஒரு பாட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நம் விஜயநகரில் மற்ற பெண்கள் மாலுக்குப் போவார்கள். நாம் பேஸ் முடித்திருப்போம்.

உன் அண்ணன் ஒரு நாள் கதவருகே நின்று, "இதுக்கெல்லாம் ஃபோன்லயே ஆப் இருக்கே" என்றார்.

"அதுல மூளையும் டவுன்லோட் ஆகுதான்னு பாருங்கண்ணா, மொதல்ல" என்றாய், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இனிமையானவள், யார் மனத்தையும் நோகடிக்காதவள் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார். நீயா! கல்யாண வீட்டில் கீபோர்டு வாசித்தவனிடம், "மெஷினே வாசிக்குது, நீங்க போய் சாப்பிடுங்க சார்" என்றவள் நீ. என்னையும் விட்டுவைத்தாயா? குழல் பகுதி ஓடும்போது இடக்கைப் பக்கத்துச் சக்கரத்தை மெல்லத் தள்ளுவது என் வேலை. தள்ளினால்தான் ஸ்வரம் வளையும், குழலுக்கு மூச்சு வரும். எப்போது தள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நீ முழங்கையில் கிள்ளுவாய். "பயந்தாங்கொள்ளி, தள்ளுடீ! அது என்ன கடிக்குமா?"

உன் பாட்டில் நான்கு பகுதிகள் பதிவாகிவிட்டன. குழலின் ஸ்வரங்களை நீ வாசித்து வைத்திருக்கிறாய். சக்கரம் தள்ளி ஒலியாக எடுப்பது மட்டும்தான் மீதி. ஸ்டுடியோக்காரர்கள் கையில் போனால் அதுவும் போகும், மற்ற நான்கும் போகும். "எனக்கு நாலு நாள் குடுங்க, நானே முடிக்கிறேன்" என்றேன். "உனக்கு இதெல்லாம் வருமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. தூங்கும் குழந்தையின் மூக்கடியில் மணிக்கொரு தரம் விரலை வைத்துப் பார்க்கிறவள் நான்.

மதியத் தூக்கத்தில் அவளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதல் தடவை சக்கரத்தைத் தொடவே இல்லை. குழல் பள்ளிக்கூட மணி மாதிரி அடித்தது. அடுத்த தடவை பயத்தில் எல்லா இடத்திலும் தள்ளினேன், பெருமாளே, ஆம்புலன்ஸ்! உன் வாயில் என்னென்ன வந்திருக்கும் என்று எனக்கே கேட்டது. மூன்றாம் நாள், கிள்ளுவதற்கு யாரும் இல்லை என்பது கைக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது. சரணத்தில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தள்ளினேன். மீதி எல்லாம் வந்தது.

உன் அண்ணனைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அங்க ஒரு இடத்துல லேட்டாகுது. ஸ்டுடியோல சரி பண்ணி, எக்கோவும் போட்டுட்டா..." என்றார்.

"எக்கோ உங்க ஹால்லயே இருக்கும்ணா. காபி குடிங்க. பாட்டைத் தொடாதீங்க."

எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. வந்துவிட்டது.

காபி ஆறியது. "இன்னொரு தடவை போடும்மா" என்றார். வீணை வந்ததும் அழ ஆரம்பித்தார். மூக்கை உறிஞ்சி, சட்டைக் கையில் துடைத்து, பார்க்கச் சகிக்காத அழுகை. நீ இருந்திருந்தால் அதற்கும் ஒன்று சொல்லியிருப்பாய். என் வாயிலும் ஒன்று தயாராக இருந்தது. சொல்லவில்லை. உன் நாக்கு என்னிடம்தான் இருக்கிறது. அதை எங்கே அடக்குவது என்பதை மட்டும் நானாகத்தான் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.