திரையில் உங்கள் பாதி

இன்னும் என் பக்கத்துக் கதிரையை விட்டு எழும்பாத என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் என்றால் முதல் வரியில் சுகம் கேட்க வேண்டும். உங்களிடம் எதைக் கேட்பது? அல்லாஹ் உங்கள் கப்றுக் குழியை விசாலமாக்கி, வெளிச்சமாக்கி வைத்திருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். அதனால் நேரே செய்திக்கு வருகிறேன். நம்முடைய கொம்பியூட்டர் வந்துவிட்டது.

நீங்கள் கத்தாரில் நித்திரையிலேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கப்பட்டீர்கள். இங்கே கல்முனையில் நான் உங்களை இழந்த மனைவியாக நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருந்து எழும்பி மூன்று கிழமையாகிறது. எழும்பிய கையோடு நான் செய்த முதல் வேலை, கார் ஓட்டி விளையாட ஒரு கொம்பியூட்டருக்குச் சொல்லி அனுப்பியது. தெருவே வாயில் கை வைத்தது. உங்களுக்குச் சிரிப்பு வருமே?

நீங்கள் ஊருக்கு வந்த அந்த லீவு ஞாபகம் இருக்கிறதா? நான் டைப்பிங் படிப்பிக்கும் கொம்பியூட்டர் வகுப்பின் கதவுத் திறப்பை, ஜும்ஆ முடிந்த பின்னேரங்களில் வகுப்பை நடத்தும் எங்கள் சேர் நம் கையில் தருவார். ஒரே கீபோர்டில் நாம் இருவரும் கார்ப் பந்தயம் ஓடுவோம். இடப்பக்க எழுத்துகள் எனக்கு, வலப்பக்க அம்புக்குறிகள் உங்களுக்கு. இருவர் ஓடினால் திரை இரண்டாகப் பிரியும். மேல் பாதியில் என் கார், கீழ்ப் பாதியில் உங்கள் கார். அந்தப் பதினான்கு அங்குல மொனிட்டரில் உங்கள் பாதி ஒரு ரிப்பன் அகலம்கூட இல்லை.

"ரோட்டே தெரியுதில்ல புள்ள, பள்ளம் மட்டும்தான் தெரியுது" என்பீர்கள். பாலைவனத்தில் பெரிய தண்ணீர்ப் பவுசர் லொறி ஓட்டுகிற மனிதர், முதல் வளைவிலேயே விளையாட்டுக் காரைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மொனிட்டரைக் குற்றம் சொன்னால் நான் விடுவேனா? லீவு முடியும் வரை உங்களை வைத்துச் சிரித்தேன்.

அடுத்த லீவுக்குள் நமக்கென்று ஒன்று வாங்குவதாக முடிவு. வழக்கு அங்கேதான் தொடங்கியது. நமக்கு இரண்டில் ஒன்றுதான் எட்டும். இருநூற்று முப்பத்து மூன்று மெகாஹெர்ட்ஸ் புரொசெசர் எடுத்தால் பதினான்கு அங்குல மொனிட்டர். பதினேழு அங்குல மொனிட்டர் எடுத்தால் நூற்று முப்பத்து மூன்று. நான் வேகத்தின் பக்கம். "நாள் முழுக்க ஓடுறவன் நான், வேகம் எனக்கு வேணாம். உன்னோட சேந்து ஓடணும், அதுக்கு என்ட பாதி எனக்குத் தெரியணும்" என்று எழுதினீர்கள். அதற்கும் நான் கேலியாகத்தான் பதில் போட்டேன்.

உங்கள் கடைசிக் கடிதம், நீங்கள் போன செய்தி வந்த ஒன்பதாம் நாள் வந்தது. "நீ சொன்ன புரொசெசரையே வாங்குவம். மொனிட்டர் சின்னண்டா என்ன, இன்னும் கிட்ட ஒட்டி இருந்து பாப்பம்."

என் கடைசிக் கடிதம் இரண்டு மாதம் கழித்து, உடைக்கப்படாமல், அரபு முத்திரையோடு என்னிடமே திரும்பி வந்தது. அதில் நான் எழுதியிருந்தது: "நீங்களே வெண்டீங்க. பதினேழையே வாங்குங்க. ஆனா முதல் வளைவில கவுந்தா நான் பொறுப்பில்ல."

ஒரே கிழமையில் எழுதியிருக்கிறோம். கடலுக்கு மேலே எங்கேயோ இரண்டும் ஒன்றையொன்று கடந்து போயிருக்கும். உங்கள் விட்டுக்கொடுப்பு எனக்குக் கிடைத்தது. என்னுடையது உங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் உங்களிடம் தோற்றது தெரியாமலே போய்விட்டீர்களே மச்சான். இத்தா முழுவதும் என்னை அரித்தது இதுதான்.

இத்தா இருந்த அந்த அறையில் பகல் மிக நீளம். கரைவலை இழுக்கிறவர்களின் சத்தம் காற்றில் வரும். கண்ணை மூடினால் அது என்ஜின் இரைச்சலாகிவிடும். நம்முடைய கரையோர வீதியில் ஓட்டிக்கொண்டு போவேன். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். ஆமிச் சென்ட்ரி ஒன்றும் இல்லை, இறங்கி நடக்கச் சொல்ல யாரும் இல்லை. வயலுக்கு நடுவே வீதி மெல்லச் சரிந்து கடலுக்குள் இறங்கும், தண்ணீருக்குள்ளும் கார் ஓடும், மீன்கள் விலகி வழி விடும். பக்கத்தில் இன்னொரு கார் வந்துகொண்டே இருக்கும். அதற்குள் யார் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் விழித்துவிடுவேன் என்று பயம்.

வெளியே வந்ததும் சேரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் அதை வாங்கக் கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? புரொசெசர்தான் உசிர். மொனிட்டரப் பிறகும் மாத்தலாம்."

உண்மைதான். என் மாணவிகள் கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன். உங்கள் கடைசிக் கடிதமும் அதையேதான் சொல்கிறது. எல்லாரும் ஒரு பக்கம், திரும்பி வந்த என் கடிதம் மட்டும் மறுபக்கம். "பதினேழு அங்குலம் சேர்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையே குறித்துக்கொண்டார்.

உம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "இத்தா இருந்து எழும்பின புள்ள விளையாட்டு மிசினா வாங்குற? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும் உம்மா. இது நானும் அவரும் கதைச்சு வெச்ச சாமான்."

பெட்டி வந்தது. மொனிட்டரைத் தூக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். புரொசெசர் பாவம், மூச்சு வாங்குகிறது. கார்கள் தண்ணீருக்குள் ஓடுவது போல அசைந்து அசைந்து போகின்றன. நான் கனவில் கண்ட அதே ஓட்டம். ஆனால் உங்கள் பாதி எவ்வளவு பெரியது தெரியுமா? வீதி தெரிகிறது, மலை தெரிகிறது, வானம்கூடத் தெரிகிறது.

தனியாள் ஓட்டத்தை நான் தொடுவதே இல்லை. இருவர் ஓட்டம்தான். உங்கள் கார் தொடக்கக் கோட்டிலேயே நிற்கிறது. ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் என் முன்னே நீங்கள். கடந்து போகிறேன். உங்கள் பாதியில் பார்த்தால் நான் பின்னாலிருந்து வந்து, உங்கள் முன்னால் போய், வளைவில் மறைகிறேன். நீங்கள் என்னைப் பார்க்கிற மாதிரி நானே என்னைப் பார்க்கிறேன். சில நேரம் அழுகை வரும், சில நேரம் ஏனென்று தெரியாத ஒரு சந்தோசம்.

நேற்றுப் பின்னேரம் உம்மா தேநீர்க் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார்.

"மத்தக் கார் ஏன் புள்ள சும்மா நிக்கிது?"

"அது மச்சான்ட, உம்மா."

உம்மா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். நான் அந்தச் சுற்றை முடித்துக்கொண்டு தொடக்கக் கோட்டுக்கு வந்தபோது என் தோளைப் பிடித்தார்.

"மெதுவாப் போ புள்ள. மருமகனத் தட்டிராத."

தட்டமாட்டேன் மச்சான். இனி எத்தனை சுற்று வந்தாலும், உங்கள் பக்கத்தில் வரும்போது வேகத்தைக் குறைப்பேன். கடைசிச் சுற்றில் கோட்டைத் தாண்டமாட்டேன், உங்கள் அருகில் நிறுத்திவிடுவேன். நீங்கள்தான் வென்றீர்கள்.

உங்கள் மாமாவின் மகளும்
உங்கள் மனைவியுமான
ஜெஸீமா