சனிக்கிழமை போன விமானம்

பாளையங்கோட்டை
20-1-1994

அன்புள்ள தம்பி கிருபைராஜுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்கா யூனிஸும் உன் மருமகள் ஸ்டெபியும் தேவ கிருபையால் சுகமாயிருக்கிறோம். நான் ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகியும் காலை ஒன்பதேகால் ஆனால் காது பள்ளிக்கூட மணிச்சத்தத்தைத் தேடுகிறது.

ஸ்டெபி கல்யாணம் பிப்ரவரி 15, செவ்வாய்க்கிழமை. மறுநாள் சாம்பல் புதன். நாற்பது நாள் லெந்து உபவாசம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் நம் கோவிலில் கல்யாணம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். இந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 3. மாப்பிள்ளை சுஜினுக்கு மஸ்கட் கம்பெனியில் பதினாறு நாள்தான் லீவு. பரீட்சையில் கடைசி மணி அடித்ததும் பேப்பரைப் பிடுங்கிவிடுவோமே, அந்த மாதிரிதான் இதுவும்.

அவர் 11-ம் தேதி வெள்ளி காலையில் பம்பாய் வந்து இறங்குகிறார். மத்தியானம் திருவனந்தபுரத்துக்கு வேறு விமானம். அதே விமான நிலையத்தில் பதினெட்டு வருஷமாகப் பெட்டி ஏற்றுகிறவன் நீ இருக்கும்போது எனக்கு என்ன கவலை. கையோடு அவரைக் கூட்டிக்கொண்டு நீயும் வந்துவிடு. அழைப்பிதழில் தாய்மாமன் என்று உன் பெயரைப் போட்டிருக்கிறேன். ஒன்று இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
அத்தான் அப்பாத்துரை


பம்பாய்
29-1-1994

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

அழைப்பிதழ் கிடைத்தது. என் பெயரை அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ரூமில் இருக்கிற எல்லாரிடமும் காட்டினேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதுகிறேன். எங்களோடு பெட்டி ஏற்றுகிறவர்களில் தொண்ணூறு பேர் ஒப்பந்த ஆட்கள். ஒன்பது வருஷமாக அதே நிலைமைதான். நம் உடன்குடிக்காரர் ஞானையா அவர்களில் ஒருவர். போன மாதம் அவர் பாதத்தின்மேல் பெட்டி இழுக்கும் வண்டி ஏறிவிட்டது. ‘உன் பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லை’ என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டுகூடக் கொடுக்கவில்லை. நான்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனேன். இந்த வருஷம் சங்கத்தின் பிரிவுச் செயலாளரும் நான்தான். பேசிப் பார்க்கிறோம். ஒத்துவராவிட்டால் வேலைநிறுத்தம்.

வந்தாலும் ஒரு நாள், இரண்டு நாள். கல்யாணத்துக்கு எந்தக் குறையும் வராது. மாப்பிள்ளையை ஊர் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. அக்காவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன் கிருபைராஜ்


பாளையங்கோட்டை
19-2-1994

அன்புள்ள தம்பி கிருபைராஜுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீ இங்கே இல்லாததால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு டெலிபோனில் நீ பேசினாய். வேலைநிறுத்தம் முடியவில்லை, விமானம் இல்லை, மாப்பிள்ளை ராத்திரி மெட்ராஸ் மெயிலில் ஏறுகிறார் என்றாய். கணக்கு வாத்தியாருக்கு வேறு யாரும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வண்டி செவ்வாய் காலையில் மெட்ராஸ், அங்கிருந்து புதன் காலையில் திருநெல்வேலி. லெந்தில் ஒரு நாள் விடமுடியுமா என்று கேட்கக் குருவானவரிடம் ஓடினேன். நல்ல மனிதர்தான். ‘சார், ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணுமே’ என்றார். நானும் அந்த வாக்கியத்தை முப்பது வருஷம் பிள்ளைகளிடம் சொன்னவன். பதிவுத் திருமணம் செய்துவிடலாமே என்று சுஜினின் சித்தப்பா சொன்னார். கோவிலில் வைக்காத கல்யாணம் என் பிள்ளைக்கு வேண்டாம் என்றுவிட்டாள் உன் அக்கா.

செவ்வாய்க்கிழமை காலையில் கோவில் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். தகவல் எட்டாமல் வருகிறவர்களுக்குச் சொல்லி அனுப்ப ஆள் வேண்டுமே. ஏரலிலிருந்து ஒரு பஸ் நிறைய உன் சொந்தக்காரர்கள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். எழுபது பேர் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பட்டுச்சேலை கட்டியிருந்தவர்கள்தான் சாப்பிடச் சங்கடப்பட்டார்கள்.

புதன்கிழமை ஜங்ஷனுக்குப் போனேன். சுஜின் ஒரு கைப்பிடி அறுந்த பெட்டியோடு இறங்கினார். என்னைப் பார்த்ததும், ‘வண்டி அரைமணி நேரம் முன்னாலயே வந்துட்டு மாமா’ என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

26-ம் தேதி அவர் மஸ்கட் திரும்புகிறார். அடுத்த லீவு வருகிற ஜனவரியில்தான். கோவிலில் மூன்று ஞாயிறு வாசித்த கல்யாண அறிவிப்பு ஓலையை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஸ்டெபி ஒன்றும் சொல்லவில்லை. உன் அக்காதான் உன்மேல் வருத்தமாக இருக்கிறாள். ‘ஒரு விமானமும் போகாதபோது அவன் என்ன செய்வான்? தூக்கிக்கொண்டா பறப்பான்?’ என்று அவளிடம் கேட்டேன். வந்தவர்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

ஞானையா கால் எப்படியிருக்கிறது? எழுது.

அத்தான் அப்பாத்துரை


பம்பாய்
3-3-1994

அத்தானுக்கு,

ஞானையா தாங்குகட்டை வைத்து நடக்கிறார். 10-ம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் ஏழாம் நாள் முடிந்தது. தொண்ணூறு பேரில் நாற்பது பேருக்கு நிரந்தர வேலை. அதில் அவரும் உண்டு. என்னையும் பதினோரு பேரையும் தற்காலிக நீக்கம் செய்திருக்கிறார்கள்.

அக்காவிடம் நீங்கள் சொன்னது சரியில்லை அத்தான். ஒரு விமானம் போனது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, திருவனந்தபுரத்துக்குத்தான். அதிகாரிகளே சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டி ஏற்றினார்கள். அதுவரைக்கும் பயணிகள் இரண்டு நாளாகத் தரையில் செய்தித்தாள் விரித்துக் கிடந்தார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்கு எங்கள் ஆட்கள் டீக்கடையில் பால் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் அந்தப் பாலைத் தட்டிவிட்டு, ‘உங்களாலதானடா பச்சப்பிள்ள பட்டினி’ என்று எங்களைத் திட்டினார். அவர் திட்டியது தப்பு என்று சொல்லமாட்டேன்.

அந்த விமானத்துக்கான பட்டியலில் சுஜின் பெயர் இருந்தது. உள்ளே போக ஒரே வாசல்தான். அந்த வாசலில் நாங்கள் இருநூறு பேர் குறுக்கே உட்கார்ந்திருந்தோம். முதல் வரிசையில் நான். போலீஸ் வழி ஏற்படுத்திக் கொடுக்க, பயணிகள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். சுஜின் பெட்டியோடு வந்து என் முன்னால் நின்று கேட்டார்: ‘மாமா, நான் போகட்டா?’

சாயங்காலம் பேச்சுவார்த்தை இருந்தது. பேசப் போகிறவர்களில் நானும் ஒருவன். முடிந்துவிடும் என்று முந்தின நாள் ராத்திரிவரை எல்லாரிடமும் சொன்னது நான்தான். என் மருமகளுக்கு வரப்போகிற மாப்பிள்ளையை நானே எழுந்து உள்ளே அனுப்பினால், இவனுக்கே நம்பிக்கை இல்லை என்று இருநூறு பேரும் எழுந்துவிடுவார்கள். ‘கொஞ்சம் பொறும் மாப்ள, சாயந்தரம் முடிஞ்சிரும்’ என்றேன்.

அவர் என் பக்கத்திலேயே பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். விமானம் எங்கள் தலைக்குமேலே போனது. நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயங்காலம் தொடங்கிய பேச்சு நடுராத்திரியில் முறிந்தது. அதற்குள் ராத்திரி ரயிலும் போய்விட்டிருந்தது.

இதை அவர் உங்களிடம் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதனால் நான் சொல்லவேண்டியதாயிற்று.

கிருபைராஜ்


பம்பாய்
12-6-1994

அத்தானுக்கு,

மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. கிடைத்ததா என்று கேட்கமாட்டேன், கிடைத்திருக்கும். விசாரணை இன்னும் நடக்கிறது. நான் இப்போது தாராவியில் ஒரு நெல்லைக்காரர் அரிசிக்கடையில் மூட்டை இறக்குகிறேன். பெட்டியைவிடச் சுலபம். கைப்பிடி அறுவதில்லை.

அக்காவுக்கும் ஸ்டெபிக்கும் என் அன்பு.

கிருபைராஜ்


பாளையங்கோட்டை
4-12-1994

அன்புள்ள தம்பி கிருபைராஜுக்கு,

ஒன்பது மாதம் தாமதித்துப் பதில் எழுதுகிறேன். பேனாவை எடுத்தபோதெல்லாம், எழுபது பேரிடம் நான் சொன்ன பொய் முதலில் நினைவுக்கு வந்தது. என் பொய் இல்லைதான். ஆனாலும் என் வாயால் சொன்னது.

கோபம் மட்டுமே காரணம் என்று நினைக்காதே. ஆசிரியர் போராட்டத்தில் நான் ஜெயிலுக்குப் போன வருஷம் உனக்கு நினைவிருக்கும். அப்போது பத்தாம் வகுப்பில் சித்ரலேகா என்று ஒரு பிள்ளை. நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்து, சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு நாலு நாள் நடந்தாள். கேட்டை மறித்து உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். ‘அடுத்த வாரம் திறந்துரும்மா’ என்றேன். திறப்பதற்குள் அவள் சேரவேண்டிய தேதி போய்விட்டது. இன்று மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறாள். என்னைப் பார்த்தால் ‘சார்’ என்று எழுந்துகொள்கிறாள். அந்தப் போராட்டத்தால் எங்களுக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்தது, அது நியாயமும்கூட. ஆனால் அவளிடம் நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ மூன்று வாரத்தில் எழுதிவிட்டாய். அது எனக்குப் பொறுக்கவில்லை.

போன வாரம் உன் கடிதத்தை ஸ்டெபியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். ‘இது எனக்கு அன்னைக்கே தெரியும்பா. ஸ்டேஷன்லேருந்து வந்ததும் அவுக சொல்லிட்டாக. மாமா எனக்குச் சொல்லுதாங்களான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். உங்களுக்குல்லா எழுதியிருக்காங்க’ என்றாள்.

அவள் சொன்னது சரி. நாம் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டோம். கல்யாணம் நின்றது அவளுக்கு.

இப்போது செய்தி. 1995 ஜனவரி 23, திங்கட்கிழமை. ஓலை 1, 8, 15 தேதிகளில் வாசிக்கிறார்கள். பழைய அழைப்பிதழ் முந்நூறு மீதி இருந்தது. புதிதாக அடிக்கவில்லை. தேதியை மட்டும் சிவப்பு மையால் அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன், பரீட்சைப் பேப்பர் மாதிரி. தாய்மாமன் பெயர் வருகிற வரியை என்ன செய்வது என்று உன் அக்காவிடம் கேட்டேன். ‘அது கிடக்கட்டும்’ என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். நீ ஓலை வாசிக்கிற முதல் ஞாயிறே கோவிலில் இருக்க வேண்டுமாம். ரயிலில்தான் வர வேண்டுமாம்.

எனக்குப் பதில் எழுதாதே. ஸ்டெபிக்கு எழுது.

அத்தான் அப்பாத்துரை


பம்பாய்
13-12-1994

அன்புள்ள ஸ்டெபிக்கு,

மாமா எழுதுகிறேன். ‘நான் போகட்டா’ என்று அவர் கேட்டபோது, போங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை.

28-ம் தேதி மெட்ராஸ் மெயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

மாமா
கிருபைராஜ்