சிவப்பு அரக்கு வேண்டி

அனுப்புநர்:
லவ்டே மெரிட்,
க/பெ எலியாஸ் மெரிட்,
ரொட்டிக் கடை, கயிற்றுக்காரர் சந்து,
நியூயார்க்.
(தங்கள் அலுவலகத்தின் உபயத்தால் காலமானவர், மற்றபடி நலம்.)

பெறுநர்:
மேன்மை தங்கிய கடிதப் பரிசோதனை அதிகாரி அவர்கள்,
துறைமுகக் கடிதப் பரிசோதனை அலுவலகம்,
நியூயார்க்.

பொருள்: இங்கிலாந்து, ஃபால்மத் துறைமுகத்தில் வசிக்கும் என் தாயார் ஜெனிஃபர் ஹாஸ்கெனுக்கு நான் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் கறுப்பு அரக்கு முத்திரையிட்டு, எங்கள் குடும்பத்தாரை ஒவ்வொருவராகச் சாகடித்துவருவது, வெள்ளிக்கிழமைக் கப்பலில் போகும் கடிதத்துக்காவது சிவப்பு அரக்கு வேண்டுவது சார்பாக.

பார்வை: 1. இதே பொருள் குறித்து நான் கொடுத்த மனு (தங்கள் ஜன்னல் இடுக்கில் காற்று புகாமல் அடைக்கப் பயன்படுகிறது, நேரில் கண்டேன்).
2. அதற்கு முந்தைய மனு (ஜன்னலிலும் காணோம்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் என் நன்றி. மன்னருக்கும் கலகக்காரர்களுக்கும் சண்டை மூண்டதிலிருந்து, கடல் தாண்டும் கடிதம் எதையும் ஒட்டாமல் திறந்தபடி தங்களிடம் ஒப்படைக்க வேண்டும், தாங்கள் படித்துப் பார்த்துத் தாங்களே முத்திரையிட்டு அனுப்புவீர்கள் என்பது விதி. அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. என் எழுத்தை இவ்வளவு ஊன்றிப் படிக்கிறவர்கள் என் குடும்பத்திலேயே கிடையாது. கறுப்பு அரக்கு வருவதற்கு முன் அம்மாவுக்கு நான் எழுதிய குங்குமப்பூ ரொட்டிப் பக்குவத்தில் "அடுப்பைச் சூடேற்றி, மாவு இரண்டு மடங்காகும்வரை பொறுத்திரு" என்ற வரியைக் கலகக்காரர்களின் படை நகர்வு என்று கண்டுபிடித்து மை பூசி அழித்தீர்கள். ராஜ்ஜியம் தப்பியது. என் அம்மாவின் ரொட்டி மட்டும் உப்பவில்லை.

2. சாதாரணக் கடிதத்துக்குச் சிவப்பு அரக்கு, சாவுச் செய்திக்குக் கறுப்பு அரக்கு என்பது நம் வழக்கம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் இது தெரியும். தங்கள் எழுத்தர் திரு. பிம் அவர்களுக்கும் தெரியும் என்றே நம்புகிறேன். ஏன் எல்லாவற்றுக்கும் கறுப்பு என்று அவரை நேரில் போய்க் கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "இந்தாம்மா, செகப்பு அரக்கு பெரிய இடத்துக்கு. ஆபீசருங்க விருந்து, நடனம்னு அழைப்பு அனுப்பணும்ல? ஒங்களுக்குக் கறுப்பே அதிகம்." அவருக்குப் பின்னால் கறுப்பு அரக்குப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. வெற்றி நமதே என்று தெருத்தெருவாக முரசறைந்துகொண்டே இத்தனை பெட்டிகளைத் தருவித்து வைத்த முன்யோசனையை நான் மெச்சாமல் இருக்க முடியுமா?

3. இதன் பலனைக் கேளுங்கள். போன இலையுதிர் காலத்தில் என் தம்பி டிகோரி காய்ச்சலில் கிடந்தான். அதுவரை அம்மாவுக்கும் தெரியும். மன்னரின் கப்பல் பட்டறையில் பாய்மரத் துணி தைப்பவன் அவன். பிழைத்துவிட்டான், ஒரு பானைக் கஞ்சியை ஒரே மூச்சில் குடிக்கிறான் என்று அம்மாவுக்கு எழுதினேன். கடிதம் கறுப்பு முத்திரையோடு போனது. மேலே முகவரி என் கையெழுத்து. ஆக, செத்தது நானில்லை, டிகோரிதான் என்று அம்மா முடிவு கட்டினாள்.

அடுத்த கடிதம், என் மகள் ஹானருக்கு முதல் பல் முளைத்தது பற்றி. அதற்கும் கறுப்பு. கண்ணால் பார்த்திராத பேத்திக்கும் அம்மா அழுதாள்.

மூன்றாவதைத் திறந்து படித்தபோது திரு. பிம் தாளைக் கிழித்துவிட்டார். கிழிந்ததை மறைக்கப் புதிய உறை போட்டு, தம்முடைய அழகான கையெழுத்தில் முகவரியும் எழுதினார். அந்த உபசாரத்துக்கும் நன்றி. வேற்றுக் கையெழுத்து, கறுப்பு முத்திரை. இனி எழுதுவதற்கு லவ்டேயும் இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

4. இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சென்ற மாதம் மீன் சந்தையில் எங்கள் ஊர் மாலுமி ஜோரியைப் பார்த்தேன். தபால் கப்பலில் வந்தவன். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து நண்டுக் கூடையில் போய் உட்கார்ந்தான். எழுந்த பிறகு சொன்னான்: "அக்கா, ஒங்களுக்கு ஊர்ல மணியடிச்சு ஜெபமும் பண்ணியாச்சு. நானே அழுதேன்."

செத்தவர்களுக்கு இவ்வளவு மரியாதை நடக்கிறது என்று தெரிந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான்.

5. கடிதத்தைப் பிரித்துப் படித்திருந்தால் இந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்காதே என்று தாங்கள் சட்டமாகக் கேட்கலாம். நியாயம். அம்மா ஒன்றையும் பிரிக்கவில்லை. மூன்றும் சமையலறை அலமாரியில் ஒரு தட்டுக்குப் பின்னால் நிற்கின்றன. பாதிரியார் வந்து பிரித்துத் தருகிறேன் என்று கேட்டும் கொடுக்கவில்லையாம். அவள் சொன்னதை ஜோரி அப்படியே சொன்னான்: "ஊர் வாய்க்காகத்தான் இந்தக் கறுப்புத் துணி. பிரிச்சுப் படிச்சிட்டா எனக்கே நெசமாயிடும். அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும்."

நீயாவது திரும்பிப் போய் நான் உயிரோடிருப்பதைச் சொல்லேன் என்று ஜோரியைக் கெஞ்சினேன். பலிக்காது என்றான். என் அப்பா கடலில் காணாமல் போனபோது, லிஸ்பன் சாராயக் கடையில் பார்த்தோம், காதிஸ் துறைமுகத்தில் பார்த்தோம் என்று மாலுமிகள் வருஷக்கணக்கில் அம்மாவுக்கு ஆறுதல் பொய் சொன்னார்கள். ஜோரியும் சொன்னவன்தான். ஒரு ஆள் உயிரோடிருப்பதாக மாலுமி வாயால் கேட்டால் அம்மா இப்போது கதவைச் சாத்திவிடுகிறாள். ஆகவே அவளுக்கு என் கடிதத்தை விட்டால் வேறு வழியில்லை. அதுவும் அவள் பயமில்லாமல் பிரிக்கிற நிறத்தில் போக வேண்டும்.

6. நான் சும்மா இருக்கவில்லை. உறையின் மேலேயே "யாரும் சாகவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். படைபலம் பற்றிய தகவலை வெளிப்படையாக எழுதக் கூடாது என்று திரு. பிம் அடித்துவிட்டார், கடிதத்தைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். என் காசில் சிவப்பு அரக்கு வாங்கிக்கொண்டு போனேன். அரசு ஊழியருக்கு லஞ்சமா என்று முகம் சிவந்தார். அதே நாள் நான் கொண்டுபோன வாத்து இறைச்சிப் பணியாரம் மட்டும் எப்படியோ லஞ்சத்தில் சேரவில்லை. தட்டையாவது திருப்பித் தரச் சொல்லுங்கள், ஐயா.

7. இதுவரை எழுதியதைத் தாங்கள் சிரித்துக்கொண்டு படித்திருக்கலாம். நானும் அப்படித்தான் எழுத நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை டிகோரி இறந்துவிட்டான். அதே காய்ச்சல் திரும்பி வந்தது. என் வீட்டில்தான் கிடந்தான். அம்மா அவனுக்காகத் துக்கம் காத்துக்கொண்டிருப்பதை நான் அவனிடம் சொல்லவே இல்லை. கடைசியாக அவன் என்னிடம் கேட்டது இது: "நான் பொழைச்சிட்டேன்னு அம்மாவுக்கு எழுதினியே, அம்மா என்ன சொல்லுச்சு?"

சந்தோஷப்பட்டது என்று சொன்னேன்.

8. ஆக, இம்மனுவோடு திறந்தபடி இணைத்துள்ள கடிதம் உண்மையிலேயே ஒரு சாவுச் செய்தி. வழக்கப்படி இதற்குக் கறுப்பு அரக்குதான் இட வேண்டும். தங்கள் அலுவலகம் செய்துவருவது முதன்முறையாகச் சரியாக அமைகிறது. அந்தப் பெருமையை நானே வந்து கெடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். எனக்குச் சிவப்பே வேண்டும்.

கறுப்பில் போனால் இதுவும் தட்டுக்குப் பின்னால் நான்காவதாக நிற்கும். சிவப்பில் போனால் அம்மா பிரிப்பாள். முதல் வரியில் நான் உயிரோடிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். அடுத்து ஹானர் நடப்பதையும், பாட்டி என்று சொல்லப் பழகுவதையும் எழுதியிருக்கிறேன். டிகோரியைக் கடைசியில் வைத்தேன். சிவப்பைப் பார்த்து ஆசையாகப் பிரிப்பவளை இப்படி ஏமாற்றுவது பாவம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மகனுக்காக அவள் ஆறு மாதமாக அழுது தீர்த்துவிட்டாள். எனக்காகவும் என் குழந்தைக்காகவும் அழுவதையாவது அவள் நிறுத்த வேண்டும், ஐயா. அவளுக்கு வயதாகிவிட்டது.

9. எனவே, வெள்ளிக்கிழமைக் கப்பல் நங்கூரம் எடுப்பதற்கு முன், தாங்களே தங்கள் கையால் இக்கடிதத்துக்குச் சிவப்பு முத்திரை இட்டு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். கிழியாமல் மடித்தால் என் கையெழுத்தே மேலே தெரியும். அரக்குக்கு அலைய வேண்டாம். ஒரு குச்சி இணைத்துள்ளேன். போன தடவை லஞ்சம் என்றார்கள், இம்முறை நன்கொடை என்று எழுதிக்கொள்ளுங்கள். மிச்சத்தை நடன அழைப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இடம்: நியூயார்க்
நாள்: 1781 ஏப்ரல், புதன்கிழமை

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும்
லவ்டே மெரிட்

இணைப்பு: 1. என் தாயாருக்கு எழுதிய கடிதம், திறந்தபடி.
2. சிவப்பு அரக்கு, ஒரு குச்சி.