சிவப்பு நூல் உறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், சர்க்கரை ரெண்டு பேருக்கும் சொன்ன பேச்சைக் கேட்கிறது, முழங்கால் மட்டும் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள், அந்த அளவில் நிம்மதி. மற்றச் செய்திகள் பிறகு. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழக்கம்போல் சுற்றி வளைத்துக் கடைசிப் பக்கத்தில் இடமில்லாமல் ஓரத்தில் எழுத வேண்டியிருக்கும். போன வாரம் போனில் நான் உனக்குச் சொன்னது தப்பு. புது ஹெட்போன்தான் நன்றாகக் கேட்கிறது, வித்தியாசம் தெரிகிறது என்று சொன்னேன் அல்லவா, அதை நம்பாதே. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து, கூட வரும் பெட்டியை நான் சொல்கிறபடி திறக்கும் வரைக்கும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. அம்மா நேற்று உன்னைக் கூப்பிட்டு, அப்பா கடுதாசி வரும், அதுவரை ஒண்ணும் செய்யாதே என்று மட்டும் சொன்னது நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால்தான். போன்ல ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது, இதுக்கு எதுக்குக் கடுதாசி, கூரியர், நீங்க என்ன கோர்ட்டுக்கா போறீங்க என்று அவள் கேட்டாள். போனில் எனக்கு நாக்குப் புரளாது என்பது உனக்குத் தெரியும். நீ ஒரு கேள்வி கேட்டால் எதைச் சொன்னால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று யோசித்து அதைச் சொல்லிவிடுவேன், வைத்த பிறகுதான் உண்மை ஞாபகம் வரும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் ஆபீஸ் சிநேகிதி ரெண்டு ஹெட்போனும் இருந்த பையைக் கொண்டுவந்து கொடுத்த அன்று நீ போனில் சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. பழையது உங்கள் கம்பெனியின் இப்போதைய உசத்தி மாடல், ஒரு ஸ்கூட்டர் விலை. புதியது அதைப்போல ரெண்டு மடங்கு. வெளிக்கூடு ஒரே அச்சு, எடையும் ஒன்றே, நிறம் மட்டும் பழையது கறுப்பு, புதியது பழுப்பு, உள்ளே அதிர்கிற தகடு வேறு. வித்தியாசம் காதுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று ஒலிப் பிரிவின் தலைவியாக நீ கையெழுத்துப் போட்டால்தான் விற்பனைக்குப் போகும். உனக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் தெரிகிறது தெரிகிறது என்கிறார்கள், எனக்கு மட்டும் ரெண்டும் ஒண்ணாத்தாம்ப்பா கேக்குது, காது போயிடுச்சோ, காது போனவளுக்கு அந்த நாற்காலி எதுக்கு என்று நீ சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், ஆனால் உன் சிரிப்பை நான் இன்று நேற்றா கேட்கிறேன். கம்பெனி பேரைச் சொல்லாமல் தெரிந்தவர் ரெண்டு பேர் காதில் வைத்துப் பாருங்கள் என்றாய். நான் அந்தப் பையை அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்துவிட்டு, ரெண்டு மூன்று ஸ்கூட்டர் வீட்டுக்குள் நிற்கிற மாதிரி, வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மா ஒருநாள், ரொம்பப் பயமா இருந்தா நீங்களும் உள்ள போய்ப் படுத்துக்குங்க, வெளியே பூட்டிடறேன் என்றாள்.

போன தடவை நீ வந்தபோது சாப்பாட்டு மேசையில் தண்ணீரைத் தொட்டுக் கோடு போட்டுக் காட்டினாயே, அதையும் நினைத்துக்கொண்டேன். ரோட்டுக்கடை ஹெட்போனிலிருந்து கொஞ்சம் நல்லதுக்குப் போனால் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், அதற்கு மேல் போனால் ஒரு சாண், அதற்கும் மேல் விரல்கடை, அப்புறம் விலை மட்டும் தாவிக்கொண்டே போகும், கேட்கிறது மயிரிழைதான் கூடும் என்றாய். ஆனால் அந்த மயிரிழைக்குத்தான் என்னைச் சம்பளத்துக்கு வெச்சிருக்காங்க என்றும் சொன்னாய். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பெருமை இல்லை, ஏனென்றால் அந்த இழை இல்லவே இல்லை என்றால் யார் சொல்வது, இருக்கிறது என்று சொல்லத்தானே எல்லாருக்கும் சம்பளம். என் கண்ணாடிக் கடைக்காரரும் இப்படித்தான், ஒவ்வொரு தடவையும் லென்ஸ் மேல் புதிதாக ஏதோ ஒரு பூச்சு என்று விலையை ஏற்றுகிறார், நானும் ஆமாம் பளிச்சென்று தெரிகிறது என்று சொல்லிவிட்டு வருகிறேன், வாசலில் அதே படியில் தடுக்குகிறேன்.

நான் வேலை பார்த்தது தேர்வுப் பிரிவு. விடைத்தாளில் மாணவன் எண்ணை மறைத்து டம்மி நம்பர் போட்டு அனுப்புவதுதான் என் ஆயுசு முழுக்கச் செய்த காரியம், திருத்துகிறவருக்கு அது யார் தாள் என்று தெரியக் கூடாது. அதே முறையை இங்கேயும் வைத்துக்கொண்டேன். பழைய தலையணை உறையை வெட்டி இரண்டுக்கும் சட்டை மாதிரி உறை தைக்கச் சொன்னேன், நிறமும் தெரியாது, கம்பெனி பேரும் தெரியாது. உள்பக்க ஓரத்தில் புதியதுக்குச் சிவப்பு நூல், பழையதுக்கு வெள்ளை நூல். அம்மா நன்றாகத்தான் தைத்தாள், குழந்தை பிறக்கப் போற வீடு மாதிரி இருக்கு என்று சொல்லிக்கொண்டே.

முதலில் பக்கத்து வீட்டு மேனேஜர். பேங்க்கில் ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் மேனேஜர்தான். உட்கார்ந்ததும் பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, விலை என்ன என்றுதான் கேட்டார். எனக்கு மறைக்கத் தெரியவில்லை, சொல்லிவிட்டேன். சிவப்பு நூலைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி, ஆஹா, காசு பேசுது சார், காசு பேசுது என்றார். அவர் தலைச்சாயம் உறையில் அப்பிக்கொண்டது, வெயில் காலம் வேறு. மறுநாள் பாட்டு டீச்சர். அந்த அம்மாவுக்கு விலையைச் சொல்லாமல், ஒரு பெண் பாடிய பாட்டைப் போட்டுக் கொடுத்தேன், ரெண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, ஒரே குரல், ஒரே சுருதி, இதுல என்ன கண்டுபிடிக்கணும், எனக்குப் பரீட்சையா என்று கேட்டார். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவர் மனது நொந்துவிடுமோ என்று, இதுதான் டீச்சர் விலை ஜாஸ்தி என்று சிவப்பு நூலைக் காட்டினேன். திரும்பப் போட்டுக்கொண்டு, அட ஆமா, அந்தப் பொண்ணு பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறது இதுலதான் துல்லியமா இருக்கு என்றார். அதற்கப்புறம் நான் கேட்டேன். எனக்கும் மூச்சு கேட்டது, சத்தியமாகக் கேட்டது, சிவப்பில் கிட்டத்திலும் வெள்ளையில் கொஞ்சம் தள்ளியும். எண்ணை மறைக்கிறவன் தாளைத் திருத்தக் கூடாது என்பது எங்கள் ஆபீஸில் முதல் விதி. ரெண்டையும் நானே செய்தேன். அன்று சாயந்திரமே உன்னைக் கூப்பிட்டு, புதுசுதாம்மா, நல்லாவே தெரியுது, பாட்டு டீச்சரும் அதையேதான் சொன்னாங்க என்று சொல்லிவிட்டேன். அப்புறம் உங்களுக்கே தெரியுதாப்பா என்றாய். அந்த உங்களுக்கே என்ற வார்த்தையை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முந்தாநாள் உனக்குத் திருப்பி அனுப்பலாம் என்று உறையைக் கழற்றினேன். சிவப்பு நூலுக்குள் கறுப்பு இருந்தது. பழையது. வெள்ளை நூலுக்குள் பழுப்பு. திரும்ப மாட்டினேன், திரும்பக் கழற்றினேன், அப்படியாவது மாறாதா என்று. அம்மாவைக் கூப்பிட்டால் அவள் சாவகாசமாக வந்து, ஆமா, மேனேஜர் தலையில இருந்த மையெல்லாம் ஒட்டிக் கிடந்துச்சு, அவர் போனதும் ரெண்டையும் கழட்டித் துவைச்சுப் போட்டேன், அதுக்கென்ன இப்ப, ரெண்டும் ஒண்ணுதானே என்றாள். நூலைப் பார்த்தாயா என்றேன். நூலைப் பாத்து யாராவது உறை போடுவாங்களா என்றாள். டீச்சர் போட்ட மார்க்கும் என் மார்க்கும் பழையதுக்குப் போயிருக்கிறது. மேனேஜர் கேட்டபோது சிவப்புக்குள் புதியது, நாங்கள் கேட்டபோது சிவப்புக்குள் பழையது, ரெண்டு தடவையும் சிவப்புதான் ஜெயித்தது. உள்ளே எது இருந்தாலும் ஜெயித்திருக்கும், ஒரு கத்தரிக்காயை வைத்துத் தைத்திருந்தாலும் நான் மூச்சைக் கேட்டிருப்பேன். நான் கேட்டது விலையைத்தான் அம்மாடி. அதை வைத்துக்கொண்டு உன் காதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். முந்தாநாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறேன், ஆபீஸில் அத்தனை வருஷம் போட்ட நம்பர்களில் எத்தனை மாறிப்போயிருக்குமோ என்று அதையும் நினைக்கிறேன். இந்த வரியை எழுதும்போதும் ரெண்டு தடவை எழுந்துவிட்டேன். உட்கார்ந்து எழுதுங்க, வீட்டுல நாற்காலிக்கா பஞ்சம் என்கிறாள் அம்மா.

பிறகு ஒரு யோசனை வந்தது, கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம். உனக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் வித்தியாசம் தெரிகிறது என்றார்களே, எது புதியது என்று தெரிந்துகொண்டுதானே கேட்டார்கள்? பழுப்பு நிறம் கண்ணுக்கு முன்னால் இருந்ததா இல்லையா? நீயும் தெரிந்துதான் கேட்டிருப்பாய், அப்படியும் ஒன்றாகத்தான் கேட்கிறது என்று சொன்னது நீ ஒருத்திதான். காது போனவள் செய்கிற காரியமாக அது எனக்குப் படவில்லை. ஆனால் என் பேச்சை நம்பாதே என்று மேலே நானே எழுதிவிட்டேன், அதனால் இதையும் நம்ப வேண்டாம், நீயே பார்த்துக்கொள். அதற்குத்தான் பெட்டி. அதில் மூன்று உறை இருக்கும். மூன்றாவது, பஸ் ஸ்டாண்டு எதிரில் குடை விற்கிற கடையில் நான் போய் வாங்கிவந்த ஹெட்போன், ஒரு சினிமா டிக்கெட் விலை. எடை குறைவாக இருந்ததால் அம்மா உறைக்குள்ளே பழைய கோட்டுப் பொத்தான்களை வைத்துத் தைத்திருக்கிறாள், தராசில் வைத்துப் பார்த்தோம், சரியாக இருக்கிறது. காது படுகிற இடமும் கொஞ்சம் சின்னதுதான், அதற்குப் பஞ்சு வைத்திருக்கிறாள். இந்தத் தடவை நூல் கிடையாது. எதில் எது என்று எனக்கும் தெரியாது, அம்மாவைத் தனியாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன், அவளும் கண்ணை மூடிக்கொண்டுதான் மாட்டினாளாம், கண்ணைத் திறந்து மாட்டினதுக்கே இந்தக் கதி, மூடிட்டு மாட்டினா சரியாயிடும் என்று சொன்னாள்.

நீ ஹெட்போனைக் கையால் தொடாதே. மாப்பிள்ளை உனக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகக் காதில் வைக்கட்டும், அவரும் உள்ளே பார்க்க வேண்டாம், உறையின் மேல் ஒரு காகிதத் துண்டைக் குத்தி அவர் இஷ்டத்துக்கு ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளட்டும். பல தடவை, பல நாள் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு தடவை சரியாகச் சொன்னால் அது அதிர்ஷ்டம். பொத்தான் போட்டதை நீ ஒவ்வொரு தடவையும் தனியாகப் பிடித்துவிட்டால் உன் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அதற்கு மேல் எந்த டாக்டரும் வேண்டாம். அதைப் பிடித்துவிட்டு மற்ற ரெண்டையும் பிரிக்க முடியவில்லை என்றால் குறை உன் காதில் இல்லை, ரெண்டு மடங்கு விலையில் இருக்கிறது. பிரிக்க முடிந்தால் நல்லது, சந்தோஷமாகக் கையெழுத்துப் போடு. பொத்தானையே பிடிக்க முடியவில்லை என்றால், அப்படி இருக்காது, ஆனால் முறை என்றால் அதையும் எழுத வேண்டும், அப்போதும் பயப்படாதே, உடனே என்னைக் கூப்பிடு, நான் வருகிறேன். விமானத்தில் ஏற எனக்கு நடுக்கம் என்பது தெரியும்தானே, இருந்தாலும் வருவேன்.

கையெழுத்துப் போடாதே என்று கடைசிவரை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, உன் வேலை, உன் வீட்டுக் கடன், குட்டியின் பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கிறது. மேலதிகாரி நீட்டிய தாளில் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டே ரிட்டயர் ஆனவன் நான், நீ என்னைப்போல் இருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது, இருக்காதே என்றும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒன்று மட்டும். காதுக்குத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வா. அவர்கள் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளட்டும். நாற்காலி போனால் போகட்டும், காது உன்னிடம் இருக்கும்.

அம்மா ரெண்டையும் உறை இல்லாமல் போட்டுப் பார்த்ததைச் சொல்ல விட்டுப்போயிற்று. ரெண்டுலயும் அந்தப் பொண்ணு ஒரே மாதிரிதான் பாடறா, விலை கூடினதுல இடது காது சுடுது, உங்க பொண்ணுகிட்ட அதைச் சரி பண்ணச் சொல்லுங்க என்றாள். அதையும் உன் குறிப்பில் சேர்த்துக்கொள், இதுவரை எங்கள் வீட்டில் உருப்படியாகச் சொல்லப்பட்டது அது ஒன்றுதான். குட்டிக்குப் பல் விழுந்த படத்தை அனுப்பினாயாம், அம்மா எனக்குக் காட்டுவதற்குள் டீச்சருக்குக் காட்டிவிட்டாள். மாப்பிள்ளை கழுத்து வலிக்கு உயரம் குறைந்த தலையணை போடட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் காப்பியைக் குடித்துக்கொண்டு பாட்டுக் கேட்காதே. கூரியர் கடைக்காரர் ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார், அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நல்ல சொல்லைக் கேட்டு, நல்ல சொல்லைச் சொல்லி நீண்ட காலம் வாழ வேண்டும். மறந்துவிடாதே, பொத்தான் வைத்த உறையைப் பிரிக்கும்போது பார்த்துப் பிரி, அந்தக் கோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, பொத்தானைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாள் அம்மா.

போன வாரம் நான் போட்ட மதிப்பெண் இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. உன் காதுக்கு நான் போட்டதும் சேர்த்து.

இப்படிக்கு,
நிதானமாக, தெரிந்தே கையெழுத்திடும்
உன் அப்பா