மூன்றாவது பெயர்

ஜூன் 23, திங்கள்

பாலக்காட்டுக் காற்று. கடைப் பலகை இரண்டு முறை விழுந்தது. இன்று முதல் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப் போகிறேன். அப்பாவைப் பற்றியது என்றாலும்.

அப்பா பதினெட்டு வருட மில் வேலையை விட்டு, அதே மில் கேட்டுக்கு எதிரே காப்பிக் கடை போட்டு இன்றோடு பன்னிரண்டு நாள். யோசனை வந்தது கேட் நோட்டிலிருந்து. ஷிப்டு நடுவில் டீக்கு வெளியே நழுவுகிறவர்கள் பெயரை டைம் ஆபீஸில் அப்பாதான் எழுதுவார். மூன்று முறை பெயர் விழுந்தால் வேலை போய்விடும். அந்த விதியும் அப்பா போட்டது.

"இத்தன பேரு பின்சந்து டீக்கு ஓடறாங்க. நேர் எதுக்கவே நல்ல காப்பி குடுத்தா வராமயா போயிருவாங்க?"

அம்மா கேட்டது: "நோட்டு அங்கயேதான இருக்குதுங்க?"

அப்பா சிரித்தார்.

ஷிப்டு முடிந்தால் மில் வேன் உள்ளேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. இன்று காப்பி குடித்தவர்கள்: லாரி டிரைவர்கள் 6, கூரியர்க்காரர் 1, அப்பா 2.

ஜூன் 25, புதன்

அறிவியல் ரெகார்டு பாக்கி. நூலகப் புத்தகம் திருப்பவில்லை.

மாலை ஆறு, மில்லில் இடைவேளை. பெண்கள் கேட்டுக்குள் நின்றபடி எங்கள் கடையைப் பார்த்தார்கள். ஒருவர்கூடத் தாண்டவில்லை. அப்பா சாலையைக் கடந்து போனார். பின்னால் நான். இப்போது டைம் ஆபீஸில் இருப்பவர் அப்பாவிடம் வேலை பழகியவர். எழுந்து நின்றார்.

"பத்தே நிமிசம் உடுப்பா. கண்ணு முன்னாலதான கடை."

"ஏனுங் சார், நீங்க போட்ட ரூலுதானுங்க. நானு மீறுனா என்னைய உடுவாங்களா?"

நாற்காலி இழுத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. மேசையில் அதே நோட்டு, நீல அட்டை.

ஜூன் 26, வியாழன்

தூறல். ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் சரசக்கா இடைவேளையில் கடைக்கு வந்தார்! மில்லிலிருந்து முதல் ஆள். முடியெல்லாம் பஞ்சு. அப்பா டிகாக்‌ஷன் கூடுதலாக ஊற்றினார்.

"ஏனுங் சார், நானு இங்க நிக்கறதையும் எழுதிப்போடுவீங்களா?"

"எழுதற வேலையத்தான் உட்டுப்போட்டனே அம்மணி!"

எல்லோரும் சிரித்தோம். பாதி டம்ளரில் மணி அடித்தது. ஓடினார்.

"நாளைக்குப் பாரு, நாலு பேரக் கூட்டிட்டு வரும்" என்றார் அப்பா. பால் ஒரு லிட்டர் அதிகம் சொன்னார்.

ஜூன் 27, வெள்ளி

காற்றே இல்லை. ஐந்தரைக்குச் சரசக்கா தனியாக வந்தார். கையில் சாப்பாட்டுப் பை. ஷிப்டு முடிகிற நேரமில்லை.

"மூணாவது பேருங் சார். நின்னுக்கச் சொல்லிட்டாங்க."

"மொதல் ரெண்டு…" அப்பா முடிக்கவில்லை.

"உங்க எழுத்துதானுங்க. காட்டுனாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வது போல.

"ஒரு காப்பி குடிச்சுப்போட்டுப் போ அம்மணி."

"வேண்டாங்க." என் பக்கம் திரும்பினார். "நீ எதுக்குக் கண்ணு அழுகறே?"

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அவராக வரவில்லை. கேட்டோரம் போய்க் கூப்பிட்டது நான். "ஓடி வாங்கக்கா, வாட்ச்மேன் அந்தப் பக்கம் திரும்பியிருக்காரு" என்றேன். வாட்ச்மேன் எங்கே இருந்தார் என்று நான் பார்க்கவே இல்லை. சரசக்காவுக்கு அது இப்போது தெரிந்திருக்கும். அப்பாவிடம் சொல்லவில்லை அவர்.

ஆறு மணி. இடைவேளைக்கு வந்த பெண்கள் இன்று சாலைக்கு முதுகு காட்டி நின்றார்கள். அப்பா டிகாக்‌ஷன் முழுவதையும் சாக்கடையில் ஊற்றினார்.

"அப்பா, நேத்து சரசக்கா வந்தது…"

"தெரியும் கண்ணு. என்னாலதான்."

இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்.